ஓட்டு ரகசியம், தெரு பகிரங்கம்

'காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள்' என்ற ஏளனம் பெரும்பாலும் சேரியை நோக்கியே வருகிறது. (வரிச்சலுகைக்காக ஓட்டுப் போட்டால் மட்டும் அதற்குப் பெயர் கொள்கை!) சேரி வாக்காளர் கட்சியையும் வேட்பாளரையும் எடைபோடுகிறார், முடிவு வந்த மறுநாள் யார் வேலை கொடுப்பார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

காரணம் எண்ணும் முறையிலேயே இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழியிருந்தது. இயந்திரத்திலோ சாவடிவாரியாகக் கணக்கு வெளியாகிறது. தெருவாரியாகச் சாவடி, சாதிவாரியாகத் தெரு. பிறகென்ன ரகசியம்?

14 இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எந்தச் சாவடியில் ஓட்டுக் குறைந்தது என்று தெரிந்தால் கட்சிகள் அங்கே கூடுதலாக உழைக்குமாம். அந்த உழைப்பு குடிநீர்க் குழாயிலும் தெருவிளக்கிலும் எப்படி இறங்கும் என்பது சேரிக்குத் தெரியும்.