நடக்காத தேர்தலில் ஜெயித்தது யார்?

2023 பிப்ரவரி 27ஆம் தேதி ஈரோடு கிழக்கில் இடைத்தேர்தல் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாடே அந்த ஒரு தொகுதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நாளில் அரபிக் கடலின் நடுவிலும் ஓர் இடைத்தேர்தல் நடந்திருக்க வேண்டும். லட்சத்தீவு மக்களவைத் தொகுதிக்குத் தேதி குறித்த பிறகு, முறைப்படியான அறிவிக்கை வெளியாகும் முன்பே தேர்தல் ஆணையம் நிறுத்திவைத்த தேர்தல் அது.

நடந்த கதை இதுதான். தொகுதியின் எம்.பி. தேசியவாத காங்கிரஸின் முகமது பைசல். 2009 தேர்தல் நேரத்தில் மறைந்த காங்கிரஸ் தலைவர் பி.எம்.சயீதின் மருமகனைத் தாக்கிய வழக்கில், 2023 ஜனவரி 11 அன்று கவரத்தி நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. பதவி போனது. ஒரே வாரத்தில், ஜனவரி 18 அன்று, இடைத்தேர்தல் தேதியும் வந்துவிட்டது. அதற்கடுத்த வாரமே கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தேர்தல் செலவையும், ஜெயிப்பவருக்கு மிஞ்சப்போவது சுமார் பதினைந்து மாதம்தான் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. வேட்புமனுத் தாக்கல் தொடங்குவதற்கு முந்தின நாள், ஜனவரி 30 அன்று, ஆணையம் பின்வாங்கியது.

சரி, நடந்திருந்தால்?

இது நாட்டிலேயே மிகச் சிறிய மக்களவைத் தொகுதி. வாக்காளர்கள் ஐம்பத்தையாயிரத்துச் சொச்சம்தான். நம்மூர் சட்டமன்றத் தொகுதி ஒன்றில் கால்பங்குகூட இருக்காது. மக்கள் வசிக்கும் பத்துத் தீவுகளுக்கும் வாக்கு இயந்திரம் கடல் தாண்டித்தான் போக வேண்டும். 2019இல் பைசலுக்கு 22,851 ஓட்டு, காங்கிரஸின் ஹம்துல்லா சயீதுக்கு 22,028. வித்தியாசம் 823. அதாவது 412 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். ஒரே ஒரு பயணிகள் கப்பலில் ஏறிவிடக்கூடிய கூட்டம்!

ஹம்துல்லா, பி.எம்.சயீதின் மகன். 1967 முதல் 1999 வரை தொடர்ந்து பத்து முறை ஜெயித்தவர் அப்பா. அவரே 2004இல் வெறும் 71 ஓட்டில் தோற்றார். அப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொரு வீட்டின் ஓட்டும் எந்தப் பக்கம் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பைசல் வழக்கு அங்கே வெறும் செய்தி அல்ல. இரண்டு முகாம்களுக்கு நடுவே பதினாலு வருடமாகக் கனன்றுகொண்டிருந்த பகை. தண்டனையோடு தேர்தலும் வந்திருந்தால் ஒரு பக்கம் “நீதி கிடைத்தது” என்றிருக்கும், மறுபக்கம் “பழிவாங்கிவிட்டார்கள்” என்றிருக்கும். அனுதாப ஓட்டு யாருக்கு விழும் என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தண்டனை நிற்கும்வரை பைசல் போட்டியிட முடியாது. தேசியவாத காங்கிரஸ் இன்னொருவரைத் தேடியிருக்க வேண்டும். அப்போது கட்சி உடையவில்லை, கடிகாரச் சின்னமும் கைவசம் இருந்தது. பா.ஜ.க.வைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை; 2019இல் அதற்கு 125 ஓட்டு. ஆனால் நிர்வாகி பிரபுல் கோடா படேல் கொண்டுவந்த நில வரைவுச் சட்டம், பள்ளி மதிய உணவில் மாட்டிறைச்சி நீக்கம் ஆகியவற்றின் மீதான கோபம் 2021 முதலே தீவுகளில் இருந்தது. அந்தக் கோபத்தை யார் நன்றாகப் பேசுவார்கள் என்பதுதான் போட்டியாக இருந்திருக்கும்.

2024 பொதுத் தேர்தல் ஒரு துப்புக் கொடுக்கிறது. ஹம்துல்லா 2,647 ஓட்டில் ஜெயித்தார். அப்படியானால் பைசல் சரிந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அவருக்கு 23,079 ஓட்டு, 2019ஐவிட 228 கூடுதல்! காங்கிரஸுக்குத்தான் 3,700 அளவுக்கு ஏறியது. புதிய வாக்காளர்களும், முன்பு சின்னக் கட்சிகளுக்குப் போட்டவர்களும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

2023 பிப்ரவரியில் அந்தப் புதியவர்களில் பலர் பட்டியலிலேயே இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே 2,647ஐ அப்படியே பின்னோக்கி எடுத்துப்போக முடியாது. அதே சமயம், பைசலின் 22 ஆயிரத்தை அவர் பெயரில்லாத ஒருவர் முழுசாக வாங்குவதும் கஷ்டம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் காங்கிரஸ்தான் ஜெயித்திருக்கும். ஆனால் ஆயிரங்களில் அல்ல. சில நூறு ஓட்டுகளில், கடைசித் தீவின் பெட்டி எண்ணும்வரை இழுபறியாக.

அப்படி நடந்திருந்தால், மேல்முறையீட்டில் பைசல் விடுதலையே ஆனாலும் போன இடம் திரும்பி வந்திருக்காது. இந்தப் பாடத்தை ஆணையம் உடனே கற்றுக்கொண்டது போலிருக்கிறது. மார்ச் மாதம் ராகுல் காந்தி பதவி இழந்தபோது வயநாட்டுக்கு அவசரப்பட்டுத் தேதி குறிக்கவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்ததும் அவர் அவைக்குத் திரும்பினார்.

பைசலின் கதை அத்தோடு முடியவில்லை. அக்டோபரில் மறுபடி பதவி போய், நவம்பரில் மறுபடி வந்தது. அப்போது பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்ததால் இடைத்தேர்தல் பேச்சே எழவில்லை.

இதற்கிடையில் ஒன்று விட்டுப்போகிறது. ஜனவரியில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டும், மக்களவைச் செயலகம் அவரைத் திரும்பச் சேர்த்தது மார்ச் 29 அன்றுதான். பட்ஜெட் கூட்டத்தொடர் ஜனவரி 31ஆம் தேதியே தொடங்கியிருந்தது. தேர்தலும் இல்லாமல், எம்.பி.யும் இல்லாமல், கொச்சிக்குப் போக ஒரு கப்பல் டிக்கெட்டுக்கே அலைகிற தீவுக்காரர்கள் சார்பில் அந்த இரண்டு மாதமும் அவையில் எழுந்து நிற்க ஆளில்லை.