மேலே நிற்கும் நீர்

2024 செப்டம்பர் 1 முதல் ஜி-7 நாடுகளின் ரஷ்ய வைரத் தடை அரை காரட் கற்கள் வரை இறங்கிவிட்டது. ஜனவரி 1-இல் நேரடி இறக்குமதிக்கும், மார்ச் 1-இல் மூன்றாம் நாடுகளில் பட்டை தீட்டிய ஒரு காரட்டும் அதற்கு மேலுமான கற்களுக்கும் வந்த தடையின் அடுத்த படி இது. கல் ரஷ்யாவில் வெட்டியெடுத்ததில்லை என்பதை இனி இறக்குமதியாளர்தான் ஆவணத்தோடு நிறுவ வேண்டும். இதனால் சூரத்தின் பட்டறைகளும் ஆண்ட்வெர்ப்பின் சோதனை மேசைகளும் படும் பாட்டை வணிக இதழ்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டன. சுரங்கப் பொறியாளர்களுக்கான இந்த இதழ் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு கல் பிறந்த இடத்தை இவ்வளவு செலவு செய்து தேடுகிறவர்கள், நாட்டின் பெயர் கிடைத்ததும் ஏன் நின்றுவிடுகிறார்கள்? எந்தச் சுரங்கம் என்பது வரை போகவோ, அந்தச் சுரங்கத்துக்குள் ஆட்கள் எந்த நிலையில் இறங்குகிறார்கள் என்று கேட்கவோ இந்த விதிக்குத் தோன்றவில்லை. தடமறிதலை நாம் ஆதரிக்கிறோம். அது பாதி வழியில் நிற்பதை ஏற்க மறுக்கிறோம்.

தடையின் இலக்கான அல்ரோசா நிறுவனத்தின் மீர் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். யாகூத்தியாவில் 1955-இல் கண்டறியப்பட்ட அந்தக் கிம்பர்லைட் குழாயைத் திறந்தவெளியில் 525 மீட்டர் ஆழம் வரை வெட்டி, 2001-இல் அந்தப் பணியை முடித்தார்கள். 2009-இல் அதே குழிக்குக் கீழே நிலத்தடிச் சுரங்கம் செயல்பாட்டுக்கு வந்தது. சுற்றியுள்ள பாறையில் மெத்தெகெரோ-இச்செர் நீர்த்தாங்கி இருக்கிறது. உப்புப் படிவங்களும் இருக்கின்றன. நீர்த்தாங்கியின் உவர்நீர் ஓயாமல் குழிக்குள் வந்துகொண்டிருந்தது. செறிவு குறைந்த நீர் புகுந்தால் உப்புப் பாறை கரையும், கரைந்த இடம் அடுத்த நீருக்கு வழியாகும் என்பதை இத்துறையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் 4 அன்று குழியின் அடியில் தேங்கியிருந்த நீர் கீழே இருந்த வேலைத்தளங்களுக்குள் பாய்ந்தது. அப்போது உள்ளே இருந்தவர்கள் 151 பேர். எட்டுப் பேர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 26-இல் தேடுதல் நிறுத்தப்பட்டது. இப்போது அதே குழாயின் ஆழமான பகுதியை எடுக்க, 2030-களின் தொடக்கத்தில் உற்பத்தி என்ற கணக்கில், 'மீர்-குளுபோக்கி' திட்டத்தை அந்நிறுவனம் முன்வைத்திருக்கிறது. எட்டுப் பேரைக் கொன்ற நீர் இனி எப்படிக் கட்டுப்படுத்தப்படும் என்பதை அந்தச் சுரங்கத்தின் கல்லை வாங்குகிறவரும் கேட்பதில்லை, தடை செய்கிறவரும் கேட்பதில்லை.

இது ரஷ்யாவுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய வைரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகக் குழியை முடித்துக்கொண்டு அதன் அடியில் இறங்குகின்றன. தென்னாப்பிரிக்காவின் வெனிஷியாவில் 1992 முதல் நடந்த திறந்தவெளி வேலை 2022 டிசம்பரில் முடிந்தது. ஏறத்தாழ 230 கோடி டாலர் முதலீட்டில் அமையும் நிலத்தடிப் பகுதியிலிருந்து 2023-இல் முதல் தாது மேலே வந்தது. போட்ஸ்வானாவின் கரோவேயிலும் நிலத்தடிச் சுரங்கம் அமைந்துவருகிறது. முழு உற்பத்தி 2028-இல் என்று 2024-இல் சொன்னார்கள். கலினன், ஃபின்ச், டயவிக், 2020-இல் மூடிய ஆர்கைல் ஆகியவையும் இந்த வழியில் வந்தவையே. ஆக, நிலத்தடி வைரச் சுரங்கம் என்றாலே பெரும்பாலும் தலைக்கு மேல் ஒரு பெரிய பள்ளத்தை வைத்துக்கொண்டு நடப்பது. அந்தப் பள்ளம் மழையை வாங்குகிறது, ஊற்றை வாங்குகிறது, சரியும் பக்கச் சுவர்களின் மண்ணை வாங்குகிறது. கேவிங் முறையில் எடுக்கும்போது இடையில் கிரவுன் பில்லர்கூட நிலைப்பதில்லை. உடைந்த பாறைக் குவியல்தான் பள்ளத்துக்கும் டிரா பாயிண்டுக்கும் நடுவே இருப்பது.

கிம்பர்லைட் இதைக் கூடுதலாகச் சிக்கலாக்குகிறது. பல குழாய்களில் அது நீர் பட்டால் ஊதி, நெகிழ்ந்து, களிமண்ணாகிவிடும். சேற்றுப் பெருக்குக்குத் தேவையான நான்கும் (சேறாகும் பொருள், நீர், கிளறிவிடும் ஒரு அசைவு, வெளியேற ஒரு வாய்) ஒரே இடத்தில் கூடும் வேலைமுறை இது. நான்கில் மூன்றை நாமே செய்கிறோம். தாதுவை நொறுக்குகிறோம், டிரா பாயிண்டைத் திறக்கிறோம், லோடரால் கிளறுகிறோம். மிச்சம் இருப்பது நீர் ஒன்றுதான். அதனால்தான் ஷிஃப்ட் தொடங்குமுன் டிரா பாயிண்ட் முன்னால் நின்று குவியலின் சரிவைப் பார்ப்பதும், கையில் எடுத்த மண் பிசுபிசுக்கிறதா உதிர்கிறதா என்று சோதிப்பதும், நுண்துகளும் ஈரமும் எல்லை தாண்டிய இடத்துக்கு ஆள் ஏறிய லோடரை அனுப்பாமல் தொலைக்கட்டுப்பாட்டு லோடரை அனுப்புவதும் நம் தொழிலின் அடிப்படைக் கடமைகளாக இருக்கின்றன. ஒரே வாயிலிருந்து அளவுக்கு மீறி இழுத்தால் மேலே புனல் விழுந்து பள்ளத்து நீர் நேரே கீழே வரும். டிரா கன்ட்ரோல் பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் ஒருவருடைய உயிரைக் குறிக்கிறது. அந்தப் பதிவேட்டைச் சுரங்கத்துக்கு வெளியே யாரும் பார்ப்பதில்லை என்பதே இந்த இதழின் நெடுநாள் கவலை.

டெய்லிங்ஸ் அணைகளுக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். முதலீட்டாளர்கள் நெருக்கினார்கள், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சுரங்க நிறுவனங்களின் பன்னாட்டு மன்றமும் சேர்ந்து 2020 ஆகஸ்டில் உலகத் தரநிலையைக் கொண்டுவந்தன. அணையின் பின்விளைவு வகை, கண்காணிப்பு முறை, பொறுப்பாளர் என்று பலவற்றை இன்று பொதுவெளியில் வெளியிட வேண்டியிருக்கிறது. ஒன்றரை ஆண்டில் முடிந்த காரியம். அந்த வலையில் சிக்காத சுரங்கங்கள் இன்னும் உண்டு. 2022 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் வைரக் கழிவு அணை உடைந்தது அதற்குச் சாட்சி. ஆனாலும் அளவுகோல் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டிக் கேள்வி கேட்க முடிகிறது. இப்போது மீர் குழியை நினைத்துப் பாருங்கள். மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக்கு மேலே நிறுத்தி வைத்த நீர் அது. விளைவில் அணைக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? சுவர் கட்டி நிறுத்தினால் அணை, தோண்டிய குழியில் தானாக நின்றால் அது வெறும் சுரங்கத்தின் உள் விவகாரம் என்று தரநிலை எழுதியவர்கள் விட்டுவிட்டார்கள். அணைக்குக் கீழே ஊர் இருக்கும், ஊருக்குக் குரல் இருக்கும். குழிக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு ஷிஃப்ட் தொழிலாளர்கள் மட்டுமே.

ஒவ்வொரு நாட்டிலும் சுரங்கப் பாதுகாப்பு ஆணையம் இருக்கும்போது வணிக விதி எதற்கு என்று கேட்பார்கள். ஆணையம் மட்டும் போதும் என்றால் மீரில் அந்த எட்டுப் பேர் இறந்திருக்க மாட்டார்கள். நம் நாட்டிலேயே, நீர் தேங்கிய பழைய வேலைத்தளத்துக்கு 60 மீட்டருக்குள் அனுமதியின்றி நெருங்கக் கூடாது என்ற விதி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இருந்தும், 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாவில் 370-க்கும் மேற்பட்டோர் மூழ்கினார்கள். விதியைக் கடைப்பிடிப்பவரும் மேற்பார்க்கிறவரும் மட்டுமே அறிந்த எண்கள், வெளியார் கண்ணுக்கு வராத வரை, உற்பத்தி இலக்குக்கு வளைந்து கொடுக்கும். இரண்டாவது மறுப்பு, புவியியல் தரவு வணிக ரகசியம் என்பது. தர மதிப்பீடும் காரட் கணிப்பும் ரகசியமாக இருக்கட்டும். பள்ளத்தில் எத்தனை கன மீட்டர் நீர் நிற்கிறது, பீசோமீட்டர் என்ன காட்டுகிறது, பம்ப் திறன் எவ்வளவு, நீர் வந்தால் ஆட்கள் வெளியேற எத்தனை வழி என்பதில் எந்தப் போட்டியாளருக்கு என்ன லாபம்? ஒரு கல்லைச் சுரங்கம் வரை பின்தொடர முடியாது என்பதும் இனிச் செல்லாது. டி பியர்ஸின் ட்ரேசர் தளம் கல்லை உற்பத்தியிடத்திலேயே பதிவு செய்கிறது. தொழில்நுட்பம் வந்துவிட்டது; அதில் சேர்க்க வேண்டிய ஒரு பத்தியைத்தான் யாரும் எழுதவில்லை.

மூன்றாவது மறுப்பில் மட்டும் உண்மையான கனம் உண்டு. இயற்கை வைரத்தின் விலை சரிந்து கிடக்கும்போது மேலும் ஒரு செலவை ஏற்றினால் சுரங்கங்கள் மூடும், வேலை போகும் என்கிறார்கள். நிலைமை மோசம்தான். ஆய்வக வைரத்தை ஒரு காரட் 800 டாலர் என்று டி பியர்ஸே 2018-இல் விற்கத் தொடங்கியது. விலை அதன்பின் வெகுவாக இறங்கிவிட்டது. டி பியர்ஸைக் கைவிடப் போவதாக ஆங்கிலோ அமெரிக்கன் 2024 மே மாதம் அறிவித்தது. கனடாவில் முழுக்க நிலத்தடியில் அமைந்த ஸ்னாப் லேக் சுரங்கம், ஏரிக்கடியில் ஓயாத நீரோடு போராடி, 2015 டிசம்பரில் நின்றுபோனது. ஆனால் இந்த வாதம் நம் கோரிக்கைக்கே வலு சேர்க்கிறது. விலை இறங்கும்போது ஒரு மேலாளர் முதலில் குறைக்கக்கூடியது எது? ஷாஃப்டை நிறுத்த முடியாது, ஆலையை நிறுத்த முடியாது. காத்திருப்பு பம்ப், கூடுதல் பீசோமீட்டர், டிரா பாயிண்ட் மாதிரி எடுப்பு, பேக்ஃபில் ஆகியவற்றைத் தள்ளிப்போட்டால் அந்தக் காலாண்டில் எதுவும் தெரியாது. வெளிப்படுத்தும் கடமை இருந்தால்தான் அந்தத் தள்ளிப்போடல் கண்ணில் படும்.

கிம்பர்லி நடைமுறை 2003-இல் தொடங்கியபோது, கலகப் படைகளுக்குப் பணம் தரும் கற்களை மட்டுமே 'மோதல் வைரம்' என்று வரையறுத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரையறையை விரிக்கப் பேசிப் பேசியே ஓய்ந்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளிலும் சுரங்கத்துக்குள் மூழ்கிச் செத்தவன் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஜி-7 விதியை எழுதும்போது வணிகர்களைக் கேட்டார்கள், ஆய்வகங்களைக் கேட்டார்கள், நகைக் கடைச் சங்கிலிகளைக் கேட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் பாதுகாப்புக்கு அந்த மேசையில் இடமே இருக்கவில்லை. ஒரு கல் எந்த அரசின் கருவூலத்தை நிரப்புகிறது என்பதற்கு இத்தனை ஆவணம் கேட்கும் அரசுகள், அது யார் உயிரைக் கொடுத்து வந்தது என்பதற்கு ஒரு தாள்கூடக் கேட்காதது கவனக்குறைவால் நேர்ந்ததென்று இனியும் நம்ப முடியாது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கட்டாயத் தடமறிதலுக்கான நாளை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கெனவே ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்துவிட்டது. வணிகர்களின் வசதிக்காக நாளை நீட்டத் தெரிந்தவர்களுக்கு, அந்த இடைவெளியில் சுரங்கத்தின் பெயரையும் நீர் அபாய அறிக்கையையும் படிவத்தில் சேர்ப்பது முடியாத காரியமில்லை.

அவர்கள் செய்யும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த இதழின் வாசகர்களில் சுரங்க மேலாளர்களும் நீரியல் ஆலோசகர்களும் உண்டு. அடுத்த ஆண்டறிக்கையில் உங்கள் வேலைத்தளத்துக்கு மேலே நிற்கும் நீரின் அளவையும், அதை இறைக்கும் திறனையும், கடைசியாக வெளியேற்றப் பயிற்சி நடந்த நாளையும் அச்சிடுங்கள். நிர்வாகம் மறுத்தால், மறுத்ததை எழுத்தில் வாங்கி வையுங்கள்.