தண்ணியில்லாக் காட்டுப் பிள்ளைகள்

"ஒழுங்கா வேலை பாக்கலேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!"

அரசு ஊழியர்களை மிரட்டுவதற்குத் தமிழ்நாட்டில் காலங்காலமாகப் புழங்கும் வசனம். சினிமாவில் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்தக் காடு வேறெதுவும் இல்லை, ராமநாதபுரம் மாவட்டம்தான். முதுகுளத்தூரிலோ கமுதியிலோ கடலாடியிலோ பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கு இது ஜோக் இல்லை. அவன் பிறந்த ஊர் இன்னொருத்தருக்குத் தண்டனை!

இப்படிக் கேட்டு வளர்ந்தவனைப் பார்த்துத்தான் "இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சொந்த ஊர்னாலே இளக்காரம்" என்று ஒரு கூட்டம் புலம்புகிறது.

கொஞ்சம் நில்லுங்கள். அந்த இளக்காரத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்?

"படிக்கலேன்னா கருவேலம் வெட்டிக் கரிமூட்டம்தான் போடணும்" என்று மிரட்டியது வீடு. திருவிழாவுக்குக் காரில் வந்து இறங்கியவருக்கு நாற்காலி போட்டதும், ஊரிலேயே இருந்து மிளகாய் போட்டவரைப் "பொழைக்கத் தெரியாதவன்" என்றதும் இதே பெரியவர்கள்தான். பன்னிரண்டு வருஷம் 'போ, போ' என்று விரட்டிவிட்டு, கிளம்பும்போது 'மண்ணை மறந்துட்டான்' என்றால் என்ன நியாயம் சார் இது?

பிள்ளைகளுக்கு ஊர் பிடிக்காமல் இல்லை. கண்மாய் நிறைந்த வருஷத்தில் முதலில் போய்க் குதிப்பது அவர்கள்தான். வெளியூர்க்காரன் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லட்டும், சண்டைக்கே வந்துவிடுவார்கள். அவர்கள் பயப்படுவது ஊருக்கு அல்ல. ஊரில் தங்கினால் 'தோத்துப்போனவன்' என்று விழும் பட்டத்துக்கு.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். பையனுக்குப் போகலாமா, இருக்கலாமா என்ற கேள்வியாவது உண்டு. அவளை யார் கேட்டார்கள்? 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் பஸ் வரணுமே! ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கடைசி பஸ்ஸை ஒருநாள் விட்டால் போதும், படிப்பையே நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பஞ்சாயத்து. கடைசியில் ஊரைவிட்டுப் போக அவளுக்கு இருப்பது இரண்டே வழி. ஒன்று காலேஜ் ஹாஸ்டல், இன்னொன்று கல்யாணம்.

மாவட்டத்துக்கு எதுவுமே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2016இல் கமுதி பக்கம் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. அங்கே பலகை துடைப்பதுகூட ரோபோதான். 2022இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். 2023இல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆக, வெயிலுக்கு மதிப்பு வந்துவிட்டது. மிளகாய்க்கும் வந்துவிட்டது. அங்கே பிறந்த பிள்ளைக்கு?

"எல்லாரும் கிளம்பிட்டா விவசாயத்தை யார் பாக்குறது?" என்று கேட்பீர்கள். சென்னையில் ஃபிளாட் வாங்கி செட்டிலானவர்கள் கேட்கிற கேள்வியா இது? இருபது வருஷம் முன்னால் அதே பஸ்ஸில் ஏறி வந்தவர்கள்தானே நீங்களும்?

பதினாறு வயசுப் பிள்ளைகளுக்கு மண்வாசனைப் பாடம் எடுப்பதை விடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பஸ் விடுங்கள். விளைகிற மிளகாயை அங்கேயே அரைத்துப் பொட்டலம் போட்டு விற்க வழி செய்யுங்கள். ஊரில் இருந்து பிழைப்பவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அதற்கப்புறமும் போகிறவன் போகட்டும், அது அவன் இஷ்டம்.

இது எதுவும் முடியாதா? சரி, அந்தத் 'தண்ணியில்லாக் காடு' வசனத்தையாவது நிறுத்துங்கள். அங்கேயும் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களுக்குக் காது கேட்கிறது.