சேலத்து வழக்குரைஞரும் செந்தமிழும்

வழக்குரைஞர்க்கு நாவே கருவி. இன்று ஒருவர்க்காக வாதிடும் நா, நாளை வேறொருவர்க்காகவும் வாதிடும். அது தொழில். ஆனால், தாய்மொழியும் அத்தகைய வழக்குத்தானா? வேண்டும்போது ஏற்கவும் வேண்டாதபோது கைவிடவும் தமிழ் என்ன கட்சிக்காரரா?

தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, 1900இல் சேலத்தில் வழக்குரைக்கத் தொடங்கினார். பொருளும் புகழும் சேர்ந்தன. 1917இல் அந் நகராட்சியின் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டு, மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொடியை உயர்த்திய அதே 1916இல், அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு கழகம் கண்டவரும் அவரே. வேதியியலும் வானியலும் தமிழில் இயலும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

அறிந்தவர் செய்தது என்ன? 1937இல் சென்னை மாநிலத் தலைமையமைச்சரானார். 1938 ஏப்பிரல் 21ஆம் நாள், 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை பிறந்தது! எதிர்த்தோர்மேல் ஏவப்பட்டது எது? வெள்ளையராட்சி வகுத்த குற்றவியல் திருத்தச் சட்டம்! அதனைக் கொடுஞ்சட்டம் என்று அதுகாறும் தூற்றி வந்ததும் அவர்தம் பேராயக் கட்சியே அன்றோ? ஆயிரவர்க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தாய்மார் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்தனர். சிறைப்பட்ட நடராசன் 1939 சனவரியிலும், தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் உயிர்நீத்தனர்.

1939 அக்தோபரில் அவர் பதவி விலகினார். மொழிக்காக அன்று, போர் பற்றிய கட்சி முடிவுக்காக. கட்டாய இந்தியை 1940 பிப்பிரவரியில் நீக்கியவர் வெள்ளை ஆளுநர். தமிழர் சுமத்திய சுமையை அயலவர் இறக்கினார். இதனினும் நாணத்தக்கது உண்டோ?

பின்னர் 1958இலும் 1965இலும் அதே இராசாசி இந்தித் திணிப்பைக் கடிந்துரைத்தார். திருந்தியதை மறுக்க வேண்டா. ஆயினும் அப்போது அவர் கையில் ஆட்சி இல்லை என்பதையும் மறக்க வேண்டா. ஆட்சி இல்லாதபோது தமிழ்ப்பற்று. ஆட்சி வந்தபோது கட்டாய இந்தி!

வழக்குமன்றத்திலிருந்து நகர்மன்றத்திற்கும், அங்கிருந்து சட்டமன்றத்திற்கும் ஏறுவோர் இன்றும் உளர். மேடைதோறும் தமிழை வாழ்த்துகின்றனர். சென்னை உயர்நயன்மன்றத்தின் அலுவல்மொழியோ இன்றும் ஆங்கிலமே! தமிழர்களே, அவர்தம் நாவை நம்பாதீர்! கையெழுத்தைப் பாருங்கள்! ஆட்சி கையிலிருக்கும்போது தமிழுக்கு எவர் கையெழுத்திட்டாரோ, அவரே நம்மவர். நடராசனும் தாளமுத்துவும் தம் உயிரால் எழுதிவைத்த பாடம் இது. இதனை மறந்தால் நாம் மீண்டும் ஏமாறுவோம்.