மூலையில் நிற்கும் 3

புலமைப்பரிசில் பரீட்சைக்கு நம்ம தோட்டத்துப் பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துறோம்? நுண்ணறிவுக் கேள்வியைக்கூட பாஸ்ட் பேப்பர் வைத்து மனப்பாடம் பண்ண வைக்கிறோம். கேள்வி லேசாகப் புரண்டு வந்தால் பிள்ளை திணறுது. உடனே "கணக்கு வராத பிள்ளை" என்று முத்திரை. ஹட்டனில் டியூசன் போர்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் குறை அங்கே இல்லை, பழக்குற விதத்தில்தான் இருக்கு என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஸ்லிதர்லிங்க் என்று ஒரு புதிர் இருக்கு. ஜப்பானின் நிகோலி இதழில் 1989இல் வந்தது. கட்டம் போட்ட கொப்பியும் பென்சிலும் போதும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்து ஒரே ஒரு மூடிய வளையம் வரையணும். கோடு வெட்டவும் கூடாது, கிளை பிரியவும் கூடாது. கட்டத்துக்குள் 3 என்று இருந்தால் அதன் நாலு பக்கத்தில் மூன்றில் கோடு வரும்.

மூலைக் கட்டத்தில் 3 இருந்தால்? மூலைப் புள்ளிக்கு இரண்டே பக்கம். வளையம் அங்கே வந்தால் இரண்டிலும் போகணும், இல்லை இரண்டையும் விடணும். இரண்டையும் விட்டால் 3 கிடைக்காது. அப்போ இரண்டும் கோடு. இதை எல்லாரும் ஒரு நாளில் பிடிச்சிடுவாங்க. பிறகு அதுவும் மனப்பாடம்தான்!

அதனால்தான் ஒரு விதியைக் கூட்டணும். சில கட்டங்களில் ஆடு, சில கட்டங்களில் ஓநாய். ஆடு எல்லாம் வளையத்துக்கு உள்ளே, ஓநாய் எல்லாம் வெளியே. (மஸ்கெலியாப் பக்கம் விளையாடுறவங்க ஓநாய்க்குப் பதில் சிறுத்தை போட்டுக்கொள்ளலாம்.) இப்போ ஆடும் சிறுத்தையும் பக்கத்தில் இருந்தால் நடுவில் கட்டாயம் கோடு. இரண்டு ஆடு பக்கத்தில் இருந்தால் நடுவில் கோடு இல்லை. ஓரத்துக் கட்டத்தில் சிறுத்தை இருந்தால் வெளி ஓரத்தில் கோடு வராது. அதே கட்டத்தில் 3உம் இருந்தால் மிச்சம் மூன்று பக்கமும் கோடு, கதை முடிஞ்சுது. பழைய விதியில் ஓரத்து 3 தனியாக எதையும் இப்படி முடித்துத் தராது. மூலையில் 3 போட்டு சிறுத்தையை வைத்தால்? வைக்கவே முடியாது. ஏன் என்று பிள்ளையே சொல்லட்டும்.

எந்த முடிவு எந்த விதியால் வந்தது என்று பிரித்துப் பார்க்கிற இந்தப் பழக்கம் நமக்கு விளையாட்டு மட்டும் இல்லை. நோர்ம் இரண்டு கிலோ கூடினால் நேற்று முழுப்பேர் வாங்கித் தந்த அதே கொழுந்துக்கு இன்றைக்கு அரைப்பேர். கொழுந்தும் மாறலை, கையும் மாறலை. "நீ வேகமா எடுக்கலை" என்று கங்காணி சொல்லும்போது, மாறினது விதி என்று சொல்லத் தெரியணும்.

வளையம் நமக்குப் புதுசும் இல்லை. மார்கழியில் லயத்து வாசலில் சிக்குக்கோலம் போடுற அக்காமார் கையில் இது எப்பவோ இருக்கு. அங்கே விதி வேறு: கோடு தன்னையே வெட்டலாம், ஆனால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றணும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1970களில் கோலத்தைக் கணினியியலின் இலக்கண ஆய்வுக்குக் கொண்டு போனாங்க. நம்ம பள்ளிக்கூடங்களில் கோலம் இன்னமும் சித்திரப் பாடத்தோடு நிற்குது. கணிதப் பாடத்துக்குள் வரணும் என்பதே எங்கள் வாதம்.

சாதாரணமாகப் பின்னுற செவ்வகக் கோலத்தில் 3க்கு 4 புள்ளி வைத்தால் ஒரே கம்பியில் முடியும். 3க்கு 3 வைத்தால் மூன்று கம்பி. 4க்கு 6 என்றால் இரண்டு. இரண்டு எண்ணின் பொதுக் காரணிகளுட் பெரியதுதான் கம்பிகளின் எண்ணிக்கை. இதைக் கரும்பலகையில் சொல்லாமல், தரையில் பத்துக் கோலம் போட வைத்துப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடலாமே. பிறகு விதியை மாற்றுங்க: இரண்டு வேறு கம்பிகள் வெட்டுற ஓர் இடத்தில், வெட்ட விடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பினால் அவை ஒரே கம்பியாகிடும். 5க்கு 5 கோலத்தை ஒரே கம்பியாக்க இப்படி நாலு இடம் போதும். எந்த நாலு இடம் என்பதில்தான் தைப்பொங்கலன்று வாசலுக்கு வாசல் கோலம் வேறுபடும்.