அம்மாவா? அப்பாவா?

வீட்டிற்கு விருந்தினராய் வருவோர் குழந்தையை மடியில் இருத்தி, "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" என்று கேட்டுச் சிரிப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். விளையாட்டே வினையாகும் வேளையும் உண்டு. எங்கள் ஊரில் பிரிந்துபோன தம்பதியரின் ஏழு வயது மகனைப் பஞ்சாயத்தின் நடுவில் நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டார்கள். சிறுவன் அப்பாவைக் காட்டினான். அன்று காலையில்தான் அப்பா அவனுக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். தாய் ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள்.

பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம். சிந்தித்து விருப்பம் சொல்லும் வயது வந்திருந்தால் பிள்ளையின் சொல்லையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். வல்லுநர் உதவியைப் பெற, 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வழி வகுத்துள்ளது. உளவியலாளருக்கு இங்கேதான் வேலை வருகிறது.

முறையறிந்த உளவியலாளர் தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியே பேசுவார். பிள்ளை ஒவ்வொருவருடனும் பழகுவதை உடனிருந்து பார்ப்பார். ஆசிரியரையும் மருத்துவரையும் விசாரிப்பார். பிள்ளையிடம் "யார் வேண்டும்?" என்று முகத்துக்கு நேரே கேட்கமாட்டார். "பள்ளிக்கு உன்னைக் கிளப்பிவிடுவது யார்? காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பது யார்?" என்று மெல்லக் கேட்பார்.

"பெற்றவர்கள் அறியாததையா ஒரு மணி நேரம் பார்ப்பவர் அறிந்துவிடுவார்?" எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டின் ஒரே அளவீட்டைக் கொண்டு முடிவெழுதினால் பேராசிரியர் ஏற்பதில்லை. ஒத்த அளவீடுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்யச் சொல்வார். ஓர் உப்புக்கரைசலுக்கே இத்தனை கவனம் என்றால் ஓர் உயிருக்கு எத்தனை வேண்டும்? அமெரிக்க உளவியல் சங்கம் 2022-இல் திருத்திய நெறிமுறைகளும் பல வழிகளில் தகவல் திரட்டச் சொல்கின்றன. குடும்பத்துக்குச் சிகிச்சை அளிப்பவரே மதிப்பீட்டாளராக இருப்பதையும் தவிர்க்கச் சொல்கின்றன. இத்தனைக்கும் பிறகு அவர் தருவது கருத்து மட்டுமே. தீர்ப்பு நீதிபதியுடையது.

வசதி படைத்தோர் வல்லுநரைத் தேடிக்கொள்வர். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு? குடும்ப நீதிமன்றம் தோறும் கட்டணமின்றி இவ்வுதவி கிடைக்கவேண்டும் என்பதே என் கருத்து.

நண்பர்களே! அதுவரை நம்மால் ஆவது ஒன்றுண்டு. விளையாட்டுக்காகக்கூட எந்தக் குழந்தையிடமும் அந்தக் கேள்வியைக் கேளாதிருப்போம்.

– இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்