குடிநோய் மீட்பு: கூட்டம் சேரிக்கு எப்போது வரும்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மாண்டோரில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அரசு, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை நடத்தியது. இழப்பீடு, காவல்துறையின் பொறுப்பு, மதுவிலக்கு ஆகியன விரிவாகப் பேசப்பட்டன. ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போனது: குடியை நிறுத்த விரும்பும் ஒரு தலித் தொழிலாளி இன்று மாலை எங்கே செல்வது?

2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் தலா 500 டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அது தேவையான நடவடிக்கையே. எனினும், நோய் முற்றியவர் அடுத்த கடைக்கு நடந்து செல்வார். இயலாதபோது கள்ளச்சாராயத்தை நாடுவார். ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனுமொரு சிகிச்சை கிட்டியுள்ளது. மலக்குழியின் நாற்றத்தைத் தாங்கவே குடிக்கிறோம் என்று கூறும் தூய்மைப் பணியாளர்களை நாம் அறிவோம். அவர்கள் மீது அத்தொழிலைச் சுமத்திய சமூகமே குடியை அவர்களது 'சாதிப் பழக்கம்' என்று இழித்துரைக்கிறது.

குடிநோய்க்கு முதற்படி மருத்துவரே. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால், மருத்துவமனைப் படுக்கை சில வாரங்களே கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மாலையையும் கடந்தாக வேண்டும். அதற்குத் துணைநிற்பவையே சுயஉதவிக் கூட்டங்கள். அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அவற்றுள் முதன்மையானது. கட்டணமில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கடவுள் நம்பிக்கை நிபந்தனையன்று. திறந்த கூட்டத்தில் எவரும் அமர்ந்து கேட்கலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமானது. குடும்பத்தினருக்கு 'அல்-அனான்' என்னும் தனி அமைப்பு உண்டு. 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் வழிகாட்டுதல் கேட்கலாம். முதல் கூட்டம் மனத்துக்கு ஒவ்வாவிடில் வேறொரு குழுவுக்குச் செல்வதில் தவறில்லை.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு எங்கே இருக்கிறது? கூட்டம் நகரத்தில், மாலையில் நடந்தால், கடைசிப் பேருந்தைத் தவறவிடும் கூலித் தொழிலாளிக்கு அது எட்டாது. பெயர் மறைத்தல் என்னும் பாதுகாப்பும் முகமறியா நகரத்துக்கே பொருந்துகிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், ஒருவர் எந்தத் தெருவிலிருந்து நடந்து வருகிறார் என்பதே அவரது சாதியைச் சொல்லிவிடும். தன் நிலத்தில் கூலி வேலை செய்பவரின் எதிரே ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர் அமர்ந்திருந்தால், அத்தொழிலாளி மனம்திறந்து என்ன பேசிவிட முடியும்?

இவ்விடத்தில் சட்டத்தைத் துல்லியமாகப் புரிந்துகொள்வோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவால் விளையும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 18-ஆம் பிரிவு, மனநலச் சேவை தொலைவால் எட்டாமற்போகாமலும் சாதிப் பாகுபாடின்றியும் கிடைக்கவேண்டும் என்கிறது. சமூகம் சார்ந்த மறுவாழ்வையும் அரசின் கடமையில் சேர்க்கிறது. இக்கடமை அரசுக்குரியது, தன்னார்வக் குழுக்களை அது கட்டுப்படுத்தாது. எனவே, "எங்கள் ஒன்றியத்தில் மறுவாழ்வுச் சேவை எங்கே?" என்ற மனுவை மாவட்ட நிர்வாகத்திடமே அளிக்கவேண்டும். ஊராட்சிச் சமுதாயக் கூடம் பொதுச்சொத்து. சாதியைக் காரணமாக்கி அங்கே தலித்துகள் நுழைவதைப் பிற சாதியினர் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)-ஆம் பிரிவின்கீழ்க் குற்றம்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடியற்ற வாழ்வுக்காகக் கூடினாலே அதை ஒரு குழுவாகக் கொள்ளலாம் என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் மரபு. நம் சேரிகளில் அம்பேத்கர் படிப்பகங்கள் உள்ளன. வாரம் ஒரு மாலை அவற்றின் சாவியைக் குழுவிடம் கொடுத்தால் போதும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த அமைப்பின் சார்பும் குழுவுக்கு இருத்தலாகாது. வெளியார் நன்கொடையையும் அது ஏற்பதில்லை. எனவே நம் கொடியையோ, தலைவரின் வாழ்த்துரையையோ, வருகைப் பதிவேட்டையோ அங்கே கொண்டுசெல்லலாகாது. எல்லாவற்றிலும் பெயர்ப்பலகை வைத்துப் பழகிய இயக்கங்களுக்கு இது எளிதன்று. எனினும், கட்சி மாறினாலும் தேர்தல் முடிந்தாலும் கூட்டம் நிற்காமல் நடக்க இந்த விலகலே காப்பு. 1956-இல் நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. அவ்வுறுதியை நோயுற்ற ஒருவர் தனியாகக் காப்பது அரிது. அவர் வந்தமர ஓர் அறையும், வாரந்தவறாமல் அதைத் திறந்துவைக்கும் பொறுப்பும் நம்முடையவை.